விழுகிற பல்லின் வலி

இரவு இரண்டு மணி. ஐந்து வயதுக் குழந்தை எழுந்து உட்கார்ந்து, கன்னத்தைப் பொத்திக்கொண்டு அழுகிறது. பகலெல்லாம் ஓடியாடிய குழந்தைதான். சோற்றை மட்டும் ஒரே பக்கமாக ஒதுக்கி மென்றது, ஆசையாகக் கேட்டு வாங்கிய முறுக்கைப் பாதியில் வைத்துவிட்டது. அதை யாரும் கவனிக்கவில்லை. படுத்ததும் தலைப்பக்கம் ரத்த ஓட்டம் கூடுகிறது, சொத்தைப் பல்லுக்குள் வீங்கிக் கிடக்கும் சதை விண்விண்ணென்று தெறிக்கிறது. குழந்தைக்கு அதையெல்லாம் சொல்லத் தெரியாது. "வலிக்குதும்மா" என்பதோடு அதன் மொழி முடிந்துவிடுகிறது.

வீட்டில் பதில் தயாராக இருக்கும். "விழுந்து முளைக்கிற பல்லுதானே, தூங்கு. காலையில பாத்துக்கலாம்." அழுகை நிற்காவிட்டால் அடுத்தது வரும்: "இப்படியே அழுதா டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போய் ஊசி போடச் சொல்லிடுவேன்."

இன்னொருவரின் வலி நமக்கு எப்படித் தெரியும் என்பது தத்துவத்தின் பழைய கேள்வி. அதற்கு உதாரணமாகவும் பல்வலியே வந்து வாய்த்தது. 1933-34இல் கேம்பிரிட்ஜில் தத்துவ அறிஞர் விட்கென்ஸ்டைன் மாணவர்களுக்குச் சொல்லி எழுதவைத்த 'நீலப் புத்தகம்' திரும்பத் திரும்பப் பல்வலிக்கே வருகிறது. ஒருவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு முனகுவதைப் பார்க்கலாம், அவருடைய பல்வலியைப் பார்க்க முடியுமா? தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்கிறவர்களும் இந்த இடத்தில்தான் நிற்கிறார்கள்.

விட்கென்ஸ்டைன் அங்கேயே நின்றுவிடவில்லை. அவர் மறைந்த பிறகு 1953இல் வெளிவந்த 'தத்துவ ஆய்வுகள்' நூலில் ஒரு குழந்தை அடிபட்டு அழுகிறது. பெரியவர்கள் அதனிடம் பேசிப் பேசிச் சொற்களைக் கற்றுத்தருகிறார்கள். முன்பு அழுகை இருந்த இடத்தில் இப்போது சொல் வருகிறது. அப்படியானால் "வலிக்குது" என்பது சரிபார்த்து ஏற்கவேண்டிய தகவல் அல்ல, அது அழுகையின் வளர்ந்த வடிவம். இரக்கப்படுவதே அடுத்தவருக்கு வலிக்கிறது என்று நம்புவதன் ஒரு வடிவம் என்று சொல்லும் அளவுக்கு அவர் போகிறார். முதலில் நிரூபணம், பிறகு இரக்கம் என்ற வரிசை அங்கே இல்லை.

இதை ஏற்றுக்கொண்டால், ஊசியைக் காட்டி மிரட்டுவது எத்தனை பெரிய தவறு என்பது புரியும். வலியைச் சொன்னால் தண்டனை என்று அந்தக் குழந்தை கற்றுக்கொள்கிறது. அடுத்த முறை வாயை மூடிக்கொண்டு நாட்களைக் கடத்தும். அதைச் சமத்து என்று வேறு நாம் பாராட்டுவோம்.

பெரியவர்களின் வலிக்கும் குழந்தையின் வலிக்கும் வேறு வேறு தராசு வைத்திருப்பது இன்று நேற்றுத் தொடங்கியதல்ல. புனித அகுஸ்தீன் தம் 'ஒப்புதல்கள்' நூலில் தமக்கு வந்த கடும் பல்வலியைப் பற்றி எழுதியிருக்கிறார். பேச முடியாமல், மெழுகுப் பலகையில் எழுதிக்காட்டி நண்பர்களை வேண்டிக்கொள்ளச் சொன்னார். எல்லோரும் மண்டியிட்டார்கள், வலி பறந்தது என்கிறார். அதே நூலின் தொடக்கத்தில், பள்ளியில் அடி விழக்கூடாது என்று கடவுளிடம் மன்றாடிய சிறுவனாக அவரே வருகிறார். அந்த அடிகளைப் பார்த்துப் பெற்றோரும் சிரித்தார்களாம். ஒரே மனிதர், ஒரே கடவுள். பெரியவரானபோது அவரோடு சேர்ந்து மண்டியிட ஆள் இருந்தது, சிறுவனாக இருந்தபோது இல்லை. பிற்காலத்தில், ஒரு பாவமும் அறியாத சிசுக்கள் ஏன் நோயில் துடிக்கின்றன என்ற கேள்வி அவரை வாட்டியது. 415இல் இன்னொரு கிறிஸ்தவ அறிஞரான ஜெரோமுக்குக் கடிதம் எழுதி விளக்கம் கேட்டார். ஆதிப் பாவம் என்ற அவருடைய விடையை எல்லோரும் ஏற்கவேண்டியதில்லை. ஆனால் சிசுவின் துன்பத்தைச் சின்ன விஷயம் என்று அவர் ஒதுக்கவில்லை.

மருத்துவமும் இதில் தடுமாறியிருக்கிறது. வலி தெரியாமல் சிகிச்சை செய்யும் வழி பிறந்ததே பல் மருத்துவரின் அறையில்தான் என்று சொல்லலாம். 1844 டிசம்பரில் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் ஹோரஸ் வெல்ஸ் என்ற பல் மருத்துவர் நைட்ரஸ் ஆக்சைடை முகர்ந்துகொண்டு தம் பல்லையே பிடுங்கச் சொன்னார். பெரியவர்களுக்குக் கிடைத்த அந்த நிம்மதி, ஏறத்தாழ 140 ஆண்டுகள் கழித்தும் பச்சிளங் குழந்தைகளை முழுதாக எட்டவில்லை. 1980களின் நடுப்பகுதி வரை மேலை நாடுகளிலேயே அவர்களில் பலருக்குப் போதிய வலிமருந்து இல்லாமல் அறுவை சிகிச்சை நடந்தது. நரம்புகள் முதிராததால் வலி தெரியாது என்பது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. 1987இல் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து கே.ஜே.எஸ். ஆனந்தும் உடன் பணிபுரிந்தவர்களும் 'லான்செட்' இதழில் எழுதினார்கள்: வலிமருந்து பெற்ற குறைமாதக் குழந்தைகளின் உடல் அறுவை சிகிச்சையின் அதிர்ச்சியை எளிதாகத் தாங்கியது. ஆய்வகம் அளந்து சொன்ன பிறகுதான் அந்த அழுகை வலியாக ஏற்கப்பட்டது.

சொல்லாத வலியின் விலை என்ன என்பதை அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலம் 2007இல் கண்டது. டியாமான்டே டிரைவர் என்ற 12 வயதுச் சிறுவனின் தாய், சொத்தைப் பற்களால் அவதிப்பட்ட அவனுடைய தம்பிக்குப் பல் மருத்துவர் தேடி அலைந்துகொண்டிருந்தார். ஏழைகளுக்கான அரசுக் காப்பீட்டை ஏற்கும் மருத்துவர் கிடைப்பது அரிதாக இருந்தது. டியாமான்டே பல்லைப் பற்றி அதிகம் முறையிடவில்லை. ஜனவரியில் தலைவலி என்றான். பல்லில் சீழ் கட்டி, கிருமி மூளைக்கு ஏறியிருந்தது. இரண்டு முறை மூளையில் அறுவை சிகிச்சை, இரண்டரை லட்சம் டாலர் செலவு. பிப்ரவரி 25 அன்று அவன் இறந்தான். அந்தப் பல்லைப் பிடுங்க 80 டாலர் ஆகியிருக்கும் என்று அப்போது எழுதினார்கள்.

"விழுகிற பல்" என்ற பேச்சுக்கும் இங்கேயே பதில் சொல்லிவிட வேண்டும். பால் பல்லின் எனாமல் மெல்லியது, உள்ளே இருக்கும் சதையோ பெரியது, அதனால் சொத்தை சீக்கிரம் உள்ளே போய்விடும். பால் கடைவாய்ப் பற்கள் 10, 12 வயதுவரை இருக்க வேண்டியவை. கன்னமோ தாடையோ வீங்கி, காய்ச்சலும் சேர்ந்தால் அன்றே காட்ட வேண்டும். விழுங்கவோ மூச்சுவிடவோ வாய் திறக்கவோ சிரமம், கண்ணருகே வீக்கம் என்றால் விடியும்வரைகூடக் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். அடிபட்டு நிரந்தரப் பல் முழுதாக விழுந்தால், வேரைத் தொடாமல் எடுத்து உடனே குழியில் பொருத்த வேண்டும், முடியாவிட்டால் பாலில் போட்டு எடுத்துக்கொண்டு ஓட வேண்டும். ஒரு மணி நேரத்துக்குள் போவது நல்லது, எவ்வளவு முந்தினால் அவ்வளவு நல்லது. பால் பல் விழுந்தால் மட்டும் திரும்பப் பொருத்தக் கூடாது, அடியில் வளரும் பல் கெட்டுவிடும்.

குழந்தைகளுக்கான பல் மருத்துவர்கள் பலர் சிகிச்சைக்கு முன் ஓர் ஒப்பந்தம் செய்துகொள்வார்கள். "வலிச்சா இடது கையைத் தூக்கு, நான் நிறுத்திடுவேன்." நாற்காலியில் சாய்ந்திருக்கும் குழந்தை பெரும்பாலும் உடனே கையைத் தூக்கும். அப்போது கருவி பல்லைத் தொட்டிருக்கவே தொட்டிருக்காது. டாக்டர் நிறுத்துவார். சற்றுப் பொறுத்து மறுபடி கை எழும், மறுபடியும் நிறுத்துவார். மூன்றாவது முறை அந்தக் கை பாதி உயர்ந்து, தயங்கி, தானாகவே மடிக்கு இறங்கும். வாய் இன்னும் கொஞ்சம் அகலமாகத் திறக்கும்.