மீன் பிடிக்கிற வீட்டில் சஷ்டி விரதம் இருக்கலாமா? ஒரு கேள்வியும் 47 பதில்களும்

ஓம் சரவணபவ.

இன்னிக்கு ஸ்தல வரலாறு எழுதலாம்னுதான் உட்கார்ந்தேன். ஆனா மனசுல கிடக்கிற வேற ஒரு விஷயத்தை முதல்ல சொல்லிடறேன். ஸ்தல வரலாறும் அதுக்குள்ளேயே வந்துடும்.

போன ஐப்பசியில், சஷ்டி விரதம் ஆரம்பிக்கிறதுக்கு முந்தின நாள் சாயங்காலம், நம்ம குழுவில் ஒரு பொண்ணு கேட்டிருந்தாள். பழவேற்காடு பக்கம் ஒரு குப்பம். காலேஜ் படிக்கிற வயசு. பேர் வேண்டாம். அவள் கேட்டது இவ்வளவுதான்:

"அண்ணா, எங்க அப்பா கடலுக்குப் போறவர். வீட்ல தினமும் மீன் வரும், அம்மா ஆய்ஞ்சு விப்பாங்க, வாசல்ல கருவாடு காயும். நான் முதல் தடவையா ஆறு நாள் விரதம் இருக்கணும்னு ஆசைப்படறேன். சின்னதா ஒரு வேல் வாங்கி வெச்சிருக்கேன். எங்க வீட்ல வெச்சு கும்பிடலாமா? தப்பாயிடுமா?"

நான் வேலை முடிஞ்சு போனைத் திறந்து பார்க்கும்போது 47 பதில் வந்திருந்தது. எண்ணிப் பார்த்தேன். தாராளமா இருக்கலாம்மான்னு சில பேர். கூடவே கூடாதுன்னு நிறைய பேர். வேல் வெச்ச வீட்டில் கவிச்சி வாசனை வந்தா குடும்பத்துக்கே ஆகாதுன்னு ஒருத்தர். வேலை உடனே ஏதாவது கோயில்ல குடுத்துடுங்கன்னு ஒருத்தர். ஹாஸ்டல்ல போய்த் தங்கி விரதம் இருங்கன்னு இன்னொருத்தர் (அவர் நல்ல மனசோடதான் சொல்லியிருப்பார், ஆனா ஹாஸ்டல் ஃபீஸ் யார் கட்டறது?). ஒரு ஆள் இதுதான் சாக்குன்னு பரிகாரத்துக்கு போன் நம்பரே போட்டுட்டார். அவரை அன்னிக்கே குழுவிலிருந்து எடுத்தாச்சு.

நீங்க எல்லாம் யாரு, அவள் யாரு? ஒருத்தருக்கொருத்தர் முகம் தெரியாது. அவள் வீட்டு வாசல் எப்படி இருக்கும்னு 47 பேரில் ஒருத்தருக்கும் தெரியாது. ஆனா பதில் போட அரை நிமிஷம்கூட ஆகலை.

ராத்திரி பதினொரு மணிக்கு அவள் எனக்குத் தனியா ஒரு மெசேஜ் அனுப்பினாள். "அண்ணா, ஆறு நாளைக்கு கடலுக்குப் போக வேணாம்னு அப்பாகிட்ட சொல்லட்டுமா?"

எனக்குப் பகீர்னு ஆயிடுச்சு. ஐப்பசி மாசம் வடகிழக்குப் பருவமழைக் காலம். கடல் எப்ப விடும், எப்ப விடாதுன்னு பார்த்துப் பார்த்துப் போற நாட்கள். அதில் ஆறு நாள்னா அந்த வீட்டு அடுப்பு. முகம் தெரியாத 47 பேர் விளையாட்டா தட்டினது ஒரு வீட்டுச் சோத்துப் பானை வரைக்கும் போயிடுச்சு. அவளுக்கு நான் அப்ப அனுப்பின பதில்: "எனக்குச் சரியா தெரியலம்மா. அப்பாகிட்ட எதுவும் சொல்லாதே. காலையில கேட்டுட்டு வந்து சொல்றேன்."

மறுநாள் காலையில ஆண்டார்குப்பம் போனேன். சென்னைப் பக்கத்து ஆளுங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், தச்சூர் கூட்டுச்சாலையில் இருந்து பொன்னேரி வர்ற வழியில் இருக்கிற பாலசுப்பிரமணிய சுவாமி கோயில். சிறுவாபுரிக்கு வர்ற கூட்டம் இங்க வர்றதில்லை, அது ஒரு விதத்துல நல்லதுதான், நின்னு நிதானமா பார்க்கலாம். இங்க முருகன் கையில் வேல் கிடையாது. ரெண்டு கையையும் இடுப்புல வெச்சுக்கிட்டு நிக்கிறான். அதிகார முருகன்னு சொல்லுவாங்க. காலையில் குழந்தையா, உச்சியில் வாலிபனா, சாயங்காலம் முதியவரா தெரிவான்னும் சொல்லுவாங்க.

இடுப்புல கை எதுக்கு? கேள்வி கேட்டுட்டு பதிலுக்காக நிக்கிறான். ஸ்தல வரலாறு அதுதான். கயிலாயத்துக்குப் போற வழியில் பிரம்மா இந்தப் பையனைக் கண்டுக்காம போனார். கூப்பிட்டு நிறுத்தி, நீ யார்னு கேட்டான். படைக்கிறவன் நான்தான்னு பெருமையா சொன்னார். அப்படியா, பிரணவத்துக்கு அர்த்தம் சொல்லுன்னான். பிரம்மாவுக்குத் தெரியலை. சிறையில் போட்டுட்டான்.

இதுவரைக்கும் எல்லாரும் சொல்ற கதை. நான் அன்னிக்கு வரிசையில் நின்னுக்கிட்டே யோசிச்சது இதுக்கு அடுத்த பகுதியை. அதே கேள்வி அப்புறம் சிவபெருமானுக்கு வருது. உங்களுக்குத் தெரியுமான்னு மகன் கேட்கிறதும், நீயே சொல்லேன்னு அப்பா கேட்கிறதும், சுவாமிமலையில் அப்பா சிஷ்யனா அடங்கி நின்னு காதைக் கொடுக்கிறதும் உங்களுக்குத் தெரியும். கேள்வி ஒண்ணுதான். பதில் ரெண்டு பேர் வாயிலிருந்தும் வரலை (சிவனுக்குத் தெரியாதான்னு கேட்காதீங்க, அது திருவிளையாட்டு). ஒருத்தருக்குச் சிறை, இன்னொருத்தருக்கு உபதேசம். தெரியாததுக்கா தண்டனை? அப்படின்னா ரெண்டு பேருக்கும் கிடைச்சிருக்கணும். தெரியாதுங்கிற வார்த்தையைச் சொல்ல பிரம்மாவுக்கு வாய் வரலை. அதுக்குத்தான் சிறை.

நம்ம குழுவில் எத்தனை பிரம்மா இருக்கோம்னு பாருங்க. என்னையும் சேர்த்துத்தான் சொல்றேன். ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு பெரியவர் ஒரு கோயில் பேரைச் சொல்லி மதியம் நடை திறந்திருக்குமான்னு கேட்டார். நான் அந்தக் கோயிலுக்கு ஒரே ஒரு தடவை போனவன். திறந்திருக்கும் ஐயான்னு போட்டேன். அவரும் அவங்க வீட்டம்மாவும் ரெண்டு பஸ் மாறி வந்து, மூடின கதவு முன்னாடி வெயில்ல மூணு மணி நேரம் உட்கார்ந்திருந்தாங்க. அவர் என்னைத் திட்டக்கூட இல்லை. "பரவாயில்லப்பா, நாலு மணிக்குத் திறந்தாங்க"ன்னு மட்டும் அனுப்பினார். திட்டியிருந்தா மறந்திருப்பேன்.

அது வெயிலோட போச்சு. எல்லாம் அப்படிப் போகாது. பழவேற்காட்டுல போட் ரைடு இருக்கா, யாரைக் கேட்கணும்னு வாராவாரம் யாராவது ஒருத்தர் கேட்கிறாங்க. உடனே ரெண்டு பேர், போங்க ப்ரோ, அங்க போய்க் கேட்டா கூட்டிட்டுப் போவாங்கன்னு சொல்றாங்க. 2011 டிசம்பர் 25-ம் தேதி இங்க சுற்றிப் பார்க்க வந்தவங்க போன படகு கவிழ்ந்து 22 பேர் இறந்து போனாங்க. அதுக்கு அப்புறம் சுற்றுலாப் படகுச் சவாரிக்குத் தடை போட்டாங்க. ஏரி பார்க்க அமைதியா இருக்கும், முகத்துவாரத்துக்கிட்ட கடல் தண்ணியும் ஏரித் தண்ணியும் முட்டுற இடம் அப்படி இருக்காது. "கேட்டா கூட்டிட்டுப் போவாங்க"ன்னு தட்டுற விரல் அந்தப் படகுல ஏறப்போறதில்லை.

அதுக்காக யாரையும் எதுவும் கேட்காதீங்கன்னு நான் சொல்லலை. கேட்கிறது நம்ம பரம்பரை. 2019 ஆகஸ்ட் 18 ராத்திரி சென்னைக் கடற்கரையில் அலை நீலமா மின்னுச்சே, ஞாபகம் இருக்கா? இது என்ன, இது என்னன்னு ஊரே போன்ல கேட்டுச்சு. பேய்ன்னவங்க உண்டு, சுனாமி வருதுன்னவங்க உண்டு. கடைசியில் நாக்டிலூக்கான்னு ஒரு கண்ணுக்குத் தெரியாத உயிர், அலை உலுக்கும்போது ஒளி விடுதுன்னு தெரிஞ்சவங்க வந்து சொன்னாங்க. முகம் தெரியாதவங்களைக் கேட்டதாலதான் நமக்குத் தெரிஞ்சது. கடலுக்குப் போறவங்களும் இப்ப போன்லதான் கேட்கிறாங்க. அலை எவ்வளவு உயரம், காத்து எப்படின்னு ஐதராபாத்தில் இருக்கிற இன்காய்ஸ் நிறுவனம் சொல்றதைப் பார்த்துட்டுத்தான் வலையை எடுக்கிறாங்க.

ஆண்டார்குப்பத்துலயே கேட்டவனுக்குக் கிடைச்ச கதை ஒண்ணு இருக்கு. யாத்திரை வந்த ஒரு பக்தர், குளிச்சுட்டு சாமி பார்க்கணும், தீர்த்தம் எங்க இருக்குன்னு அங்கிருந்த ஆண்டிகளைக் கேட்டார். அப்படி எதுவும் இங்க இல்லைன்னாங்க. ஆண்டிக்கோலத்துல ஒரு சின்னப் பையன் வந்து, நான் காட்டறேன் வாங்கன்னு கூட்டிட்டுப் போய் வேலால் குத்தினான், தண்ணி பொங்குச்சு. அந்தப் பையன் யார்னு நான் சொல்லணுமா? அந்த ஆண்டிகளையும் நான் குறை சொல்ல மாட்டேன். இல்லாததை இல்லைன்னு சொன்னாங்க. அந்தப் பக்கம் போய்ப் பாருன்னு சும்மா கை காட்டி அனுப்பலை.

சரி, அந்தப் பொண்ணு கேள்விக்கு வர்றேன்.

கோயில்ல வயசான குருக்கள் ஒருத்தர்கிட்ட விஷயத்தைச் சொன்னேன். அவர் பதில் சொல்லலை. என்னையே திருப்பிக் கேட்டார்: "வலை வீசின படலம் படிச்சிருக்கியா?" பேர் கேள்விப்பட்டிருக்கேன், படிச்சதில்லைன்னேன். "படிச்சுட்டு நீயே சொல்லு" அப்படின்னுட்டு தீபாராதனைக்குப் போயிட்டார்.

வீட்டுக்கு வந்து திருவிளையாடற் புராணத்தை எடுத்துப் படிச்சேன். சிவபெருமான் அம்பாளுக்கு வேதப்பொருள் சொல்லிட்டு இருக்கார். அம்பாள் கவனம் எங்கேயோ போயிடுச்சு. மீனவர் வீட்டுல போய்ப் பிறன்னு சபிச்சுட்டார். அம்மாவுக்கு இப்படியான்னு பிள்ளைங்க ரெண்டு பேருக்கும் கோவம். பிள்ளையாரும் முருகனும் அந்த வேதச் சுவடிகளைத் தூக்கிக் கடல்லயே போட்டுட்டாங்க. பிள்ளைங்களை உள்ளே விட்ட நந்திக்கு சுறா மீனாப் போற சாபம். முருகனுக்கு மதுரையில் ஊமைப் பிள்ளையாப் பிறக்கிற சாபம்.

அம்பாள் கடற்கரையில் பரதவர் தலைவனுக்கு மகளா வளர்ந்தா. நல்லா யோசிச்சுப் பாருங்க, நம்ம முருகனோட அம்மா கருவாடு காயுற வாசல்ல விளையாடியிருக்கா. அப்புறம் சிவபெருமானே வலைஞனா வந்து, யாராலும் பிடிக்க முடியாத அந்தச் சுறாவை வலை வீசிப் பிடிச்சு, அவளைக் கல்யாணம் பண்ணிக்கிட்டார். அப்படின்னா முருகனுக்கு மீன் பிடிக்கிற வீடு தாய்மாமன் வீடு. அங்க வேல் வைக்கலாமான்னா கேட்கிறோம்? அறுபத்து மூவரில் அதிபத்த நாயனார் நாகப்பட்டினத்து மீனவர். தினம் பிடிக்கிறதில் ஒரு மீனை சிவனுக்குன்னு கடல்லயே விட்டவர், ஒரே ஒரு மீன் கிடைச்ச நாளிலும் விட்டவர். அவருக்கு யாரும் ஹாஸ்டலுக்குப் போகச் சொல்லலை.

அந்த ஊமைப் பிள்ளை கதையையும் சொல்லிடறேன். எனக்கு ரொம்பப் பிடிச்சது அதுதான். இறையனார் களவியல் உரையில் வருது. சிவபெருமான் எழுதிக் கொடுத்த 60 சூத்திரத்துக்கு சங்கப் புலவர்கள் 49 பேர் ஆளுக்கு ஒரு உரை சொல்றாங்க. எல்லாரும் என்னுதுதான் சரிங்கிறாங்க. யார் தீர்ப்பு சொல்றது? உருத்திரசன்மன்னு அஞ்சு வயசுப் பையன், வாய் பேச மாட்டான், அவனை உட்கார வெச்சு ஒவ்வொருத்தரா உரை வாசிச்சாங்க. பையன் சும்மா கேட்டுக்கிட்டு இருந்தான். மதுரை மருதன் இளநாகனார் வாசிக்கும்போது அங்கங்கே கண்ணு கலங்குச்சு. நக்கீரர் வாசிக்கும்போது ஒவ்வொரு சொல்லுக்கும் கண்ணீர் வழிஞ்சு, மயிர் சிலிர்த்துப் போச்சு. அதுதான் தீர்ப்பு. 49 பண்டிதர்கள் நடுவில் ஒரு வார்த்தை பேசாம உட்கார்ந்திருந்த அந்தக் குழந்தை முருகனேதான்.

நம்ம குழுவில் 47. அங்க 49. நம்ம பதில் ஒவ்வொண்ணையும் அந்தப் பையன் கேட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கான்னு நினைச்சா, எனக்கு டைப் பண்ற கை கொஞ்சம் நிக்குது. பழவேற்காட்டு ஏரியில் பாடுன்னு ஒரு முறை உண்டு. எந்த இடத்துல யார் என்னிக்கு வலை போடறதுன்னு முறை வெச்சிருக்காங்க. தன் பாடு இல்லாத அன்னிக்கு, மீன் துள்ளினாலும் அந்த இடத்துல வலையை இறக்க மாட்டாங்க. ஒரு கேள்வி வரும்போது இது நம்ம பாடான்னு நான் இப்ப ஒரு தடவை பார்த்துக்கிறேன்.

அன்னிக்கு சாயங்காலம் இந்தக் கதை எல்லாத்தையும் குரல் பதிவா அந்தப் பொண்ணுக்கு அனுப்பினேன். கூடவே ஒண்ணு கேட்டேன்: "உங்க குப்பத்துல இதுக்கு முன்னாடி யாரும் சஷ்டி விரதம் இருந்ததே இல்லையா?"

கொஞ்ச நேரம் பதில் இல்லை. அப்புறம் எழுதினாள்: "ஆயாவைக் கேட்டேன் அண்ணா. அவங்க கல்யாணம் ஆன வருஷத்துல இருந்து இருக்காங்களாம். ஆறு நாளும் விடியக்காலை தலைக்குக் குளிச்சுட்டு, சாமி கும்பிட்டுட்டுதான் மீன் கூடையைத் தூக்குவாங்களாம். நான் விரதம் இருக்கப் போறேன்னு அவங்களுக்குத் தெரியவே தெரியாது. ஏன்டி என்னைக் கேக்கலைன்னு திட்டறாங்க."

47 பேரைக் கேட்டவள், அடுத்த பாயில் படுத்திருந்த ஆயாவைக் கேட்கலை. பாவம், அவளைச் சொல்லி என்ன, நானும் கோயில் குருக்கள் வரைக்கும் போனவன்தானே.

ஒரு நாள் தாமதமா ஆரம்பிச்சு மிச்ச அஞ்சு நாளும் இருந்தாள். அப்பா கடலுக்குப் போய்க்கிட்டுதான் இருந்தார். சூரசம்ஹாரம் அன்னிக்கு ராத்திரி ஒரு போட்டோ வந்தது. மண் அகல் விளக்கு, பக்கத்துல சாண் உயர வேல், வேல் முனையில் எலுமிச்சம்பழம், பின்னாடி சுவத்துல மாட்டின வலை. கீழே எழுதியிருந்தாள்: "அண்ணா, அந்த எலுமிச்சம்பழத்தை நாளைக்கு என்ன பண்றது?"

தெரியலம்மா, ஆயாவைக் கேளுன்னு அனுப்பினேன்.

வேலும் மயிலும் துணை.