முடித்தவர் யார்?

ஒரு காரியத்தை ஒருவர் முடித்தார் என்று கூறும்போது அந்த 'ஒருவர்' என்னும் சொல்லுக்கு நாம் என்ன பொருள் கொள்கிறோம்? பெயர்ப்பட்டியலிலே புள்ளிகளை எழுதிப் பழகிய ஆசிரியர்களாகிய எமக்கு இவ்வினா பெரும்பாலும் எழுவதில்லை. ஒரு பெயர், அதற்கு நேரே ஒரு பெறுபேறு, அவ்வளவே. சென்ற தை மாதத்திலே, நாற்பது வயதைக் கடந்த பின்னர், முதன்முறையாக நெடுந்தூரத் துவிச்சக்கரவண்டிப் பயணமொன்றிற் கலந்து அதனை முடித்தோம். முடித்தோம் என்று சான்றிதழும் பெற்றோம். அன்று தொடக்கம் இவ்வினா எம்மை விடாது பற்றியுள்ளது.

இத்தகைய பயணங்களின் இயல்பை முதலிற் கூறல் வேண்டும். 1891 ஆம் ஆண்டிலே பரிஸ் நகரிலிருந்து மேற்குக் கரையிலுள்ள பிரெஸ்ற் துறைமுகம் வரை சென்று மீளும் ஏறத்தாழ 1200 கிலோமீற்றர் ஓட்டத்தைப் பிரெஞ்சுப் பத்திரிகையொன்று நடாத்தியது. பத்திரிகை விற்பனையைப் பெருக்குவதற்கு அக்காலத்து முதலாளிகள் கண்ட வழிகளுள் இதுவும் ஒன்று. சார்ள் ரெறோன் என்பவர் உறக்கமின்றி எழுபத்தொரு மணித்தியாலத்துக்குச் சற்று அதிகமான நேரத்தில் அதனை முடித்து வென்றார். ஆறு ஆண்டுகளின் பின்னர், 1897 இல், இத்தாலியர் சிலர் உரோமிலிருந்து நேப்பிள்ஸ் வரையுள்ள 230 கிலோமீற்றரையும் பகல் வெளிச்சம் மறையுமுன் கடந்து காட்டினர். அவர்கள் ஒருவரையொருவர் வெல்ல முயன்றவரல்லர். தூரத்தை மாத்திரமே எதிரியாகக் கொண்டனர். 'துணிந்தோர்' என்று பொருள்படும் இலத்தீன் சொல்லால் அவர்களை அழைத்தனர். இவ்விரு வேர்களிலிருந்தும் கிளைத்ததே இன்றுள்ள முறை. 200 கிலோமீற்றரைப் பதின்மூன்றரை மணித்தியாலத்துள் முடிப்பவர் எவரும் முடித்தவரே. முதலாவதாக வந்தவரும் இறுதியாக வந்தவரும் ஒரே சான்றிதழையே பெறுவர்; தரவரிசை இல்லை. இன்னுமொரு வேடிக்கை யாதெனின், மிக விரைந்து வருபவருக்கும் அங்கே இடமில்லை. ஐந்து மணி ஐம்பத்துமூன்று நிமிடத்துக்கு முன்னர் இறுதி நிலையம் திறக்கப்படுவதே இல்லை.

பத்து வயதுப் பிள்ளையின் புலமைப்பரிசிற் புள்ளியை ஊர் முழுதும் விசாரித்து, ஒரு புள்ளி குறைந்தமைக்காக அப்பிள்ளையைத் தலைகுனிய வைக்கும் சமுதாயத்தில் வாழும் எமக்கு இவ்விதி பெரும் ஆறுதலாகத் தோன்றியது. ஒருவர் வெல்வதற்குப் பிறர் தோற்கவேண்டிய அவசியமில்லாத ஒரு முயற்சி! ஆர்வத்தோடு பெயரைப் பதிந்தோம்.

(நேர எல்லையும் ஒரு தரவரிசைதானே, உள்ளே உள்ளவர், வெளியே உள்ளவர் என்று இரண்டு வகுப்பை அதுவும் உண்டாக்குகின்றதே என்று நண்பரொருவர் அப்போதே கூறினார். நாம் அதனைப் பொருட்படுத்தவில்லை.)

யாழ்ப்பாணத்திலிருந்து கண்டி வீதி வழியாக மாங்குளத்தைக் கடந்து சென்று திரும்புவதே பாதை. காலை ஐந்து மணிக்குப் புறப்பட்டோம். போகும்போது வாடைக்காற்று முதுகிலே தள்ளியது. ஆனையிறவு வெளியைக் கடந்தது பறந்ததுபோலிருந்தது. அந்த வேகத்தை எமது சொந்தக் கால்களின் பெருமையாகவே கருதிக்கொண்டோம். காற்று உதவும்போது மனிதன் அதனை உணர்வதில்லை. எதிர்க்கும்போது மாத்திரமே காற்று வீசுகின்றது என்பான். வசதியான குடும்பத்திற் பிறந்து படித்து முன்னேறியவர்கள் தம் முயற்சியைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எமக்கு இனி ஆனையிறவே நினைவுக்கு வரும்.

திரும்பும்போது முறிகண்டியில், பிள்ளையார் கோயிலுக்கு அண்மையில், எமது பின்சில்லுக் காற்றுப் போயிற்று. கொண்டுவந்த ஒரேயொரு மேலதிக ரியூபை மாற்றினோம். பரந்தனைத் தாண்டியதும் அதுவும் போயிற்று. ஒட்டுவதற்கான பசை உலர்ந்து கட்டியாகியிருந்தது. எம்மைக் கடந்து சென்ற ஐவரோ அறுவரோ கையசைத்துச் சென்றனர். ஏழாவதாக வந்தவர் நின்றார். தச்சுத்தொழில் செய்பவர், எம்மிலும் பத்து வயதேனும் மூத்தவர், கரியரைக் கழற்றிவிட்ட சாதாரண வண்டியில் வந்திருந்தார். தமது பையிலிருந்த ரியூபை எடுத்தார். நேரமாகின்றதே என்று நாம் தயங்கியபோது, "அதைப் பாக்காதையுங்கோ மாஸ்ரர், முதல்லை இதைக் கொழுவுவம்" என்றார். கழற்றி மாட்டிக் காற்றடித்து முடிக்க அரைமணி நேரம் சென்றது. அதன்பின் எதிர்க்காற்றிலே மாறிமாறி முன்னே சென்றோம். உண்மையைக் கூறின், அவரே பெரும்பாலும் முன்னே சென்றார்.

கொடிகாமத்தில், ஏறத்தாழ இருபத்தைந்து கிலோமீற்றர் எஞ்சியிருந்தபோது, அவருடைய வண்டிச் சில்லு காற்றிழந்தது. மாற்றுவதற்கு அவரிடம் ரியூப் இல்லை; அது எமது வண்டியில் இருந்தது. மணி ஐந்தாக இன்னும் பத்து நிமிடம். ஆறரைக்கு முன் வந்து சேர வேண்டும். அவர் ஒட்டுப்போடும் பெட்டியை எடுத்துக்கொண்டு வீதியோரம் குந்தினார். "நீங்கள் போங்கோ, நான் ஒட்டிப்போட்டு வாறன்" என்றார். நாம் போனோம்.

ஆறு மணி இருபத்தொரு நிமிடத்திலே எமது அட்டையில் இறுதி முத்திரை விழுந்தது. அவர் ஆறு ஐம்பத்துநான்குக்கு வந்தார். நடாத்தியவர்கள் கடிகாரத்தைப் பார்த்தனர், மன்னிக்குமாறு கூறினர். இருபத்துநான்கு நிமிடம் பிந்திவிட்டார். பரந்தனிலே எமது சில்லோடு அவர் கழித்த நேரம் அரைமணி. எஞ்சிய கணக்கை வாசகரே போட்டுக்கொள்ளலாம்.

வண்டி மிதித்துக் கொடிகாமத்திலிருந்து வரும்போது நாமும் ஒரு கணக்குப் போட்டோம். தங்கினால் இருவரும் தோற்போம். சென்றால் ஒருவராவது முடிப்போம். ஆகவே செல்வதே நியாயம். பயன்வாத அறவியலார் இதனை ஏற்றுக்கொள்ளக்கூடும். ஆயின் இக்கணக்கின் அடியிலே ஒரு மறைவான எடுகோள் உண்டு. இருவர் என்பது ஒன்றும் ஒன்றும் என அது கொள்கின்றது. ஒருவர் ரியூபை உரசித் துடைக்க மற்றவர் பசை பூச, பின்னர் எதிர்க்காற்றை இருவரும் பங்கிட்டுக்கொள்ள, இருபத்தைந்து கிலோமீற்றரையும் எண்பது நிமிடத்தில் கடந்திருத்தல் இயலுமா? ஐயத்துக்குரியது, ஆனால் இயலாததன்று. நாம் அதனைச் சோதித்துப் பார்க்கவில்லை. தனிமனிதக் கணக்கைப் போட்டுவிட்டு அதற்கு அறம் என்று பெயரிட்டோம்.

1913 ஆம் ஆண்டுப் பிரான்ஸ் சுற்றோட்டத்தில் நிகழ்ந்ததொன்று இவ்விடத்து நினைவுகூரத்தக்கது. இயூஜின் கிறிஸ்ரோவ் என்பவரது வண்டியின் முன்கவர் பிரனீஸ் மலைத்தொடரின் ரூர்மலே கணவாய்க்கு அப்பால் முறிந்தது. பிறர் உதவி பெறலாகாது என்பது விதி. வண்டியைத் தோளிற் சுமந்துகொண்டு மலையடிவாரத்துச் சிற்றூர்வரை பல கிலோமீற்றர் நடந்து, அங்கிருந்த கொல்லன் பட்டறையிலே தாமே இரும்பைக் காய்ச்சி அடித்துக் கவரைச் செப்பனிட்டார். நடுவர்கள் அருகே நின்று கண்காணித்தனர். இரு கைகளும் வேலையிலிருந்தமையால் துருத்தியை ஊதுவதற்கு ஒரு சிறுவனை விட்டார். அதற்காகப் பத்து நிமிடத் தண்டம் விதிக்கப்பட்டது. பின்னர் அது மூன்று நிமிடமாகக் குறைக்கப்பட்டது என்பர். ஓட்டத்தை நடாத்திய பத்திரிகைக்குத் தனிமனித வீரம் என்ற சரக்கு வேண்டியிருந்தது. துருத்தி ஊதிய சிறுவன் அச்சரக்கின் தூய்மையைக் கெடுத்துவிட்டான்! அந்த அபத்தத்தை எண்ணி நாம் பலமுறை சிரித்ததுண்டு. ஆயினும் அந்த நடுவர்கள் ஒன்றை ஒப்புக்கொண்டார்கள் என்று இப்போது தோன்றுகின்றது. சிறுவனின் உழைப்பை அவர்கள் கண்டார்கள். அதற்கு நிமிடக் கணக்கிலே ஒரு மதிப்பும் இட்டார்கள். எமது அட்டையிலோ தச்சரின் அரைமணி எங்கும் பதியப்படவில்லை.

வேறு வழியும் வரலாற்றில் இல்லாமலில்லை. 1894 இல் பர்மிங்ஹாமிலே சோசலிசப் பத்திரிகையொன்றின் வாசகர்கள் தொடங்கிய கிளாரியன் துவிச்சக்கரவண்டிக் கழகத்தார் ஊர் ஊராகச் சென்று துண்டுப்பிரசுரம் வழங்கினர். ஜேர்மனியில் 1896 இல் தோன்றிய தொழிலாளர் துவிச்சக்கரவண்டிச் சங்கம் 'ஒருமைப்பாடு' என்ற சொல்லையே தன் பெயராகக் கொண்டது. கூட்டுறவு முறையில் வண்டி வாணிகமும் நடாத்திய அது 1933 இல் நாசிகளால் ஒடுக்கப்பட்டது. ஒருவர் முன்னே செல்வது அவர்களுக்கு நோக்கமாக இருக்கவில்லை.

இதுவரை கூறியதைக் கேட்ட நண்பர் (முன்னர் குறிப்பிட்ட அதே நண்பர்) எமக்கு ஆறுதல் கூற முன்வந்தார். எல்லா உழைப்பும் சமுதாய உழைப்பே என்றார். அந்த ரியூபையே எடுத்துக்கொள். 1888 இல் டன்லப் பெல்பாஸ்ற் நகரிலே காற்றடைத்த ரயரைச் செய்தார். அதன் பின்னெழுந்த றப்பர்ப் பசிக்குக் கொங்கோ நாட்டு மக்கள் கைகளையும் உயிரையும் பறிகொடுத்தனர். பின்னர் எமது நாட்டிலும் களுத்துறை, கேகாலைப் பகுதித் தோட்டங்களிலே தமிழ்த் தொழிலாளர் விடியுமுன் எழுந்து பால்வெட்டினர். வீதியைப் போட்டவர் யார், சோற்றை விளைத்தவர் யார்? இத்தனை பேருக்கும் கடன்பட்ட நீ ஒரு தச்சருக்காக ஏன் வருந்துகிறாய் என்றார்.

அவர் கூறியவை அனைத்தும் உண்மை. நாமே வகுப்பறையிலும் மேடையிலும் பலமுறை கூறியவை. ஆனால் அன்று அவ்வுண்மை எமக்குச் செய்ய முயன்ற தொண்டைக் கண்டு திடுக்குற்றோம். எல்லாருக்கும் கடன்பட்டவன் எவருக்கும் தனியே கடன்பட்டவனல்லன் என்ற வசதியான முடிவுக்கு அது எம்மை இட்டுச் செல்லவிருந்தது. மக்கள் என்னும் பெருஞ்சொல்லின் நிழலிலே, கொடிகாமத்து வீதியோரத்திற் குந்தியிருந்த மனிதர் மறைந்துபோகவிருந்தார். பெயரறியாத தோட்டத் தொழிலாளிக்குரிய கடனை அமைப்பை மாற்றுவதன் மூலமே தீர்க்கமுடியும். அதற்குக் காலம் செல்லும். இருபது நிமிடம் பசை பூச உதவுவதற்கு எந்த அமைப்பும் மாறவேண்டியிருக்கவில்லை. முற்போக்காளர் என்று எம்மைக் கூறிக்கொள்ளும் நாம் முதலாவதைப் பற்றி எழுதுவதிலே கைதேர்ந்தவர்கள். இரண்டாவதிலே எத்தனை முறை கையசைத்துச் சென்றிருக்கிறோம் என்பதை ஒவ்வொருவரும் தனித்தனியே எண்ணிப் பார்க்கலாம்.

சான்றிதழைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்றும் எண்ணினோம். அது நாடகம் ஆகும். அதனால் அவருக்கு ஒரு நிமிடமும் மீளாது. அதனைச் சுவரில் மாட்டவும் மனம் வரவில்லை. மேசை இழுப்பறையிலே, வகுப்புப் பதிவேடுகளின் கீழே கிடக்கின்றது.

மாசியிலே அவரைத் தேடிச் சென்று புதிய ரியூபொன்றைக் கொடுத்தோம். கதவு நிலையொன்றுக்குச் சீவுளி போட்டுக்கொண்டிருந்தார். வாங்கிவைத்துக்கொண்டு, "அதுக்கென்ன அவசரம்" என்றார். கொடிகாமத்தைப் பற்றி நாமே பேச்செடுத்தோம். சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டு, "நிண்டிருக்கலாம்" என்றார். பின்னர் தேநீர் கொண்டுவரச் சொல்லி உள்ளே குரல் கொடுத்தார். வரும் தை மாதத்துப் பயணத்துக்கு அவர் மீண்டும் பெயர் கொடுக்கவிருக்கிறார். நாமும் கொடுப்போம், இம்முறை மூன்று ரியூபும் உலராத பசையும் கொண்டு செல்வதாக எண்ணம்.