யார் வரவில்லை?

பாசிக்குடாக் கரையில், இரவெல்லாம் கடலில் உழைத்துத் திரும்பும் மீனவர், வலையில் சிக்கிய மீனைக் கழற்றி விலை பேசி முடித்துக் கண்ணயரும் வேளையில்தான் அரசாங்க மருத்துவ நிலையம் திறந்திருக்கிறது. “பரிசோதனைக்கு வரவில்லை” என்று நாம் அவரையே குறை கூறுகிறோம். நோயை வருமுன் தடுக்கும் கடமை யாருடையது?

இலங்கையில் 2011இல் ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்கள் தொடங்கப்பட்டன. வயது, புகைப் பழக்கம், இரத்த அழுத்தம், நீரிழிவு முதலியவற்றைக் கொண்டு, அடுத்த 10 ஆண்டுகளில் மாரடைப்போ பக்கவாதமோ வரும் அபாயத்தை உலகச் சுகாதார நிறுவனத்தின் வண்ண அட்டவணைப்படி அங்கே கணிக்கிறார்கள். கட்டணமில்லை. இது பெரிய காரியம் என்பதில் ஐயமில்லை. செல்வருக்கும் ஏழைக்கும் ஒரே அளவுகோலை வைப்பது சிறிய நீதியன்று. அவசியமும் உண்டு. 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வின்படி, தெற்காசியருக்கு முதல் மாரடைப்பு ஏறத்தாழ 53 வயதிலேயே, பிற நாட்டவரைவிட ஐந்தாறு ஆண்டுகள் முந்தி வருகிறது.

ஆயினும் நாடெங்கும் இந்நிலையங்களுக்கு வருவோரில் பெண்களே மிகுதி. ஆண்கள் அலட்சியக்காரர்கள் என்று தீர்ப்பளிப்பது எளிது. அன்றைய வருமானம் போனால் அதை ஈடுசெய்பவர் யார்? அட்டவணையில் கடனுக்குக் கட்டமில்லை. உறங்காத இரவுகளுக்கும் இல்லை. உப்பைக் குறை என்கிறது அறிவுரை, கைக்கெட்டுவதோ கருவாடு. (அதுவும் முன்போல் மலிவில்லை.) 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது, சொன்னபடி ஒழுங்காக மாத்திரை உண்டவர்களே தவித்தார்கள். அந்த நெறிமீறலை எந்தப் பதிவேட்டில் எழுதுவது?

வா என்று அழைப்பவர், வரக்கூடிய நேரத்தில் கதவைத் திறக்கவும் கடமைப்பட்டவர். வேலைத்தலங்களுக்கே சென்று பரிசோதிக்கும் முயற்சிகள் இலங்கையில் நடந்திருக்கின்றன. தோணி கரையேறும் மணலில், விடியற்காலையில், ஒரு மேசை, ஓர் இரத்த அழுத்தமானி, ஒரு தாதி. இதற்கு எத்தனை இலட்சம் வேண்டும்?