கூலிக் கணக்கில் வராத கடன்



கொரோனா காலத்தில் நம் மூக்கில் குச்சியை விட்டுப் பரிசோதித்தவரின் கையில் ஒரு ரப்பர் கையுறை இருந்தது நினைவிருக்கும். அப்போது உலகத்துக்கு வேண்டிய ரப்பர் கையுறைகளில் பெரும்பகுதி மலேசியாவிலிருந்து வந்தது. அந்தத் தொழிற்சாலைகளில் வேலை செய்தவர்களில் பலர் வங்காளதேசத்திலிருந்தும் நேபாளத்திலிருந்தும் பிழைக்கப் போனவர்கள். 2020 ஜூலையில், அத்தொழிலின் மிகப் பெரிய நிறுவனமான டாப் கிளவ்வின் இரண்டு துணை நிறுவனங்களின் சரக்கை அமெரிக்கச் சுங்கத்துறை தடுத்து நிறுத்தியது. அங்கே கட்டாய உழைப்பின் அறிகுறிகள் இருப்பதாகச் சொன்னது. அவற்றில் ஒன்று, கடனில் சிக்கவைத்து வேலை வாங்குவது.

இது எப்படி நடக்கிறது? வேலைக்குப் போகுமுன் ஏஜெண்டுக்குப் பணம் கட்ட வேண்டும். நிலத்தை அடகு வைத்து, வட்டிக்கு வாங்கிக் கட்டுகிறான். போன பிறகு வேலை கொடுமையாக இருந்தாலும் திரும்ப முடியாது. திரும்பினால் வட்டிக்காரன் வாசலில் நிற்பான். விசாவுக்காக உம்மாவின் நகை அடகுக்குப் போன வீடுகள் நம் ஊர்களிலும் உண்டே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

சரக்கு வாங்கும் கம்பெனிகள் தணிக்கைக்கு ஆள் அனுப்புகின்றன. அவர் கூலிப் பதிவேட்டைப் பார்க்கிறார், தீயணைப்புக் கருவியைப் பார்க்கிறார், கையெழுத்திட்டுப் போகிறார். இந்தக் கடன் எந்தப் பதிவேட்டில் இருக்கும்? அது கிராமத்தில், வட்டிக்காரனின் நோட்டில் இருக்கிறது. கண்டுபிடிக்க ஒரே வழி, சூப்பர்வைசர் இல்லாத இடத்தில், தொழிலாளியின் சொந்த மொழியில், "இந்த வேலைக்கு வர எவ்வளவு கொடுத்தாய்?" என்று கேட்பது. பாஸ்போர்ட் யாரிடம் இருக்கிறது என்றும் கேட்க வேண்டும்.

மூன்று பேருக்கு எதிராக மறுமையில் தானே வழக்காடப் போவதாக அல்லாஹ் கூறும் ஹதீஸ் புகாரியில் இருக்கிறது. அதில் ஒருவன், வேலையை முழுமையாக வாங்கிக்கொண்டு கூலி தராதவன். "நான் மாதாமாதம் கொடுத்தேனே" என்று முதலாளி சொல்லலாம். மாதக்கணக்கில் அந்தச் சம்பளம் வட்டிக்கே போயிருந்தால், அவன் கையில் கூலி சேர்ந்ததா? விலையை அடிமாட்டு விலைக்குக் குறைத்துக் கேட்டவருக்கு இதில் பங்கே இல்லையா?

இன்னொன்று. விஷயம் வெளியே வந்ததும் பல கம்பெனிகள் செய்வது, ஆர்டரை ரத்து செய்வது. கை கழுவியாயிற்று. ஆலையில் வேலை குறைகிறது, தொழிலாளியின் கடன் மட்டும் அப்படியே நிற்கிறது. ஹக்குல் இபாதில், அதாவது மனிதர்களின் உரிமையில், பாவத்தை நிறுத்தினால் மட்டும் தவ்பா நிறைவேறாது. எடுத்ததைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று உலமாக்கள் சொல்கிறார்கள். டாப் கிளவ், தொழிலாளர்கள் ஏஜெண்டுகளிடம் கட்டிய பணத்துக்கு ஈடாகச் சுமார் 13.6 கோடி ரிங்கிட் அவர்களுக்குத் திருப்பிக் கொடுத்தது. 2021 செப்டம்பரில் அமெரிக்கத் தடை நீங்கியது. தடை வராவிட்டால் கொடுத்திருப்பார்களா என்று கேட்கலாம். நிய்யத்தை அல்லாஹ் அறிவான். அடகு வைத்த நிலத்தை மீட்டவனுக்கு அந்தக் கேள்வி தேவையில்லை.

நம் ஜமாஅத்தில் இறக்குமதி செய்பவர்கள் இருக்கிறீர்கள். வடமாநிலப் பிள்ளைகளைக் காண்ட்ராக்டர் மூலம் கடைக்கு வைத்திருப்பவர்களும் இருக்கிறீர்கள். அந்தப் பிள்ளை அவருக்கு எவ்வளவு கொடுத்துவிட்டு வந்தான் என்று இதுவரை கேட்டதுண்டா? இன்று அஸருக்குப் பிறகு, காண்ட்ராக்டர் பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்துக் கேளுங்கள்.