வெள்ளைத்தாளில் பிரியாதீர்கள்

வன்னி மண்ணின் பெரியவர்களே, தாய்மாரே, தகப்பன்மாரே, காலம் போய்க்கொண்டிருக்கிறது. ஒரு வார்த்தை கேளுங்கள்.

ஒரு குடும்பம் உடைகிறது. கோயிலடியிலோ சனசமூக நிலையத்திலோ நாலு பெரியவர்கள் கூடுகிறார்கள். இனிச் சரிவராது, பிரிந்து போகட்டும் என்கிறார்கள். இருவரும் சம்மதித்துப் பிரிகிறோம், ஒருவரிடம் ஒருவர் எதுவும் கேட்கமாட்டோம் என்று ஒரு கடதாசி எழுதப்படுகிறது. அவர்கள் ஒப்பமிடுகிறார்கள். சாட்சிக்கு நாங்களும் ஒப்பமிடுகிறோம். பிரச்சினை முடிந்தது என்று வீட்டுக்குப் போய் நிம்மதியாகப் படுக்கிறோம்.

முடியவில்லை. அந்தக் கடதாசி கலியாணத்தை முறிக்காது. முஸ்லிம் சட்டப்படி நடந்தவை ஒருபுறமிருக்க, எங்களுடைய திருமணங்களைக் கலைக்கும் அதிகாரம் மாவட்ட நீதிமன்றத்துக்கே உண்டு. 1907 ஆம் ஆண்டின் திருமணப் பதிவுக் கட்டளைச்சட்டம் அதற்கு மூன்று காரணங்களையே ஏற்கிறது: மணத்துக்குப் பின்னான பிறர் உறவு, வேண்டுமென்றே கைவிட்டுப் போதல், மணநாளிலேயே இருந்த தீராத ஆண்மைக் குறைபாடு. ஒத்துவரவில்லை என்பது அந்தப் பட்டியலில் இல்லை. சட்டம் பழையது, திருத்தப்பட வேண்டியது. அது வேறு கதை. இருக்கும்வரை அதன்படிதான் கணக்கு. வழக்கு வென்றாலும் முதலில் இடைக்காலத் தீர்ப்பு. குறைந்தது மூன்று மாதம் கழிந்தபின்தான் முடிவான தீர்ப்பு. அதற்கு முன் மறுமணம் செய்தவனின் இரண்டாவது கலியாணம் சட்டத்தின் முன் செல்லாது. தண்டனைச் சட்டக்கோவைப்படி ஏழு ஆண்டு வரை சிறையும் கிடைக்கலாம். அவனை நம்பிக் கழுத்தை நீட்டிய இரண்டாவது பெண் என்ன பாவம் செய்தாள்? அவளுடைய நிலைக்கும் அந்தக் கடதாசியில் ஒப்பமிட்ட நாங்கள் பதில் சொல்ல வேண்டும்.

இன்னும் கேளுங்கள். 1999 ஆம் ஆண்டின் 37 ஆம் இலக்கப் பராமரிப்புச் சட்டம், வசதியிருந்தும் துணையைக் கவனியாதவரிடமிருந்து மாதாந்தம் பணம் பெற்றுக்கொடுக்கிறது. (கணவனுக்கு மட்டும் விதித்த கடமையல்ல, வசதியுள்ள மனைவிக்கும் அதே சட்டம்தான்.) ஆனால் இருவரும் சம்மதித்துப் பிரிந்து வாழ்ந்தால் துணைக்கு அந்தப் பராமரிப்புக் கட்டளை கிடையாது. இப்போது தெரிகிறதா நாங்கள் எழுதிக் கொடுத்தது என்னவென்று? சமாதானம் செய்கிறோம் என்று நினைத்து, கைவிடப்பட்டவளின் சோற்றுக்கு எதிராகச் சாட்சி எழுதிக் கொடுத்திருக்கிறோம். ஒன்று மட்டும் எங்கள் பேனைக்கு எட்டாது: பிள்ளையின் உரிமை. தாய் ஆயிரம் கடதாசியில் ஒப்பமிட்டாலும் பிள்ளையின் பங்கு பிள்ளையுடையதே.

ஆகவே பிந்தாதீர்கள். பராமரிப்புப் பணம் பொதுவாக விண்ணப்பித்த திகதியிலிருந்தே கணக்கிடப்படும். ஐந்து ஆண்டு பொறுத்துவிட்டுப் போனால் அந்த ஐந்து ஆண்டும் போனதுதான். "மனம் மாறுவார்" என்று காத்திருந்த மாதங்களை எந்த நீதவானும் மீட்டுத் தரப்போவதில்லை.

எங்கள் மண்ணுக்கென்று இன்னொரு அவசரமும் இருக்கிறது. போரின் கடைசி ஆண்டுகளில் பிள்ளைகளை ஆட்சேர்ப்பிலிருந்து காக்க வயது பாராமல் அவசரமாகக் கட்டிவைத்தோம். பதுங்குகுழிக்குப் பக்கத்தில் தாலி ஏறியது, எழுத்து நடக்கவில்லை. அந்தப் பெற்றோரை நான் குறைசொல்லமாட்டேன். ஆனால் அப்படிச் சேர்ந்த எத்தனையோ குடும்பங்கள் பிறகு உடைந்தன. 2009 இல் பிறந்த பிள்ளைக்கு 2027 இல் 18 வயது. பதினெட்டு வரை பராமரிப்புக் கேட்பது இலகு. அதன்பின் 25 வரை கேட்கலாம். ஆனால் தன்னால் தன்னைப் பராமரிக்க முடியாது என்று காட்ட வேண்டும். பதிவில்லாத கலியாணத்தைக்கூடச் சடங்கையும் ஊரறிந்த வாழ்க்கையையும் வைத்து நிரூபிக்கலாம். ஆனால் நிரூபிக்க ஆள் வேண்டுமே! படங்கள் இடப்பெயர்வில் போயின. தாலி எடுத்துக் கொடுத்த ஐயருக்கு வயதாகிவிட்டது. முன்னின்ற மாமனுக்கும் வயதாகிவிட்டது. அவர்கள் இருக்கும்போதே போங்கள். அவர்கள் பேசக்கூடியவர்களாக இருக்கும்போதே போங்கள்.

நீதிமன்றப்படி ஏறிய பெண் என்று ஏளனம் பேசுகிறோம். வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளை அம்மன் கோயிலுக்கு நேர்த்தி வைத்துப் போகிறவர்கள் நாங்கள். அங்கே நாங்கள் கும்பிடுகிறவள் யார்? அரசனின் சபைக்கே போய் வழக்குரைத்தவள். அவளுக்குப் பொங்கல், அவள் வழியில் நடப்பவளுக்கு ஊர்ப்பேச்சா? இது எந்த அறத்தில் சேர்த்தி?

காணிக் கணக்கையும் பாருங்கள். வட்டக்கச்சியிலும் இராமநாதபுரத்திலும் விசுவமடுவிலும் முத்தையன்கட்டிலும் எத்தனையோ வீடுகள் நிற்பது பேர்மிற் காணியில். பேர்மிற் பெரும்பாலும் ஆணின் பெயரில். இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு வீட்டுக்குக் கிடைத்தது 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபாய். போதாத மிச்சத்துக்கு மனைவியின் நகை அடைவுக்குப் போனது, அவள் கல் சுமந்தாள். பிரியும்போது "காணி என்னுடையது, நீ வெளிக்கிடு" என்கிறான். 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச்சட்டத்துக்குள் வரும் காணியைக் கோயிலடியில் நின்று பங்குபிரிக்கவும் முடியாது. பிரதேச செயலாளரின் அனுமதியில்லாமல் அது கைமாறாது. அவள் போட்ட செலவின் பற்றுச்சீட்டுகளையாவது பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். அவள் பெயரில் எடுத்த நுண்கடனின் தவணைக்காரன் அவன் போனபின்பும் அவள் படலையில்தான் நிற்பான்.

சீதனக் காணி இருக்கிறதுதானே என்பீர்கள். தேசவழமைக்கு உட்பட்ட மனைவி தன் சீதனக் காணியையே கணவனின் எழுத்துமூலச் சம்மதமின்றி விற்க முடியாது. ஆனால் அந்த விதியைச் சொல்லும் 1911 ஆம் ஆண்டின் கட்டளைச்சட்டமே ஒரு வாசலும் வைத்திருக்கிறது: அவன் கைவிட்டுப் போயிருந்தால், இருக்குமிடம் தெரியாதிருந்தால், மாவட்ட நீதிமன்றம் அந்தச் சம்மதத்துக்குப் பதிலாக அனுமதி தரலாம். இதை எத்தனை பேர் அவளுக்குச் சொன்னோம்?

காணாமல் ஆக்கப்பட்ட கணவனுக்காகக் காத்திருக்கும் சகோதரியை இந்தக் கணக்கில் யாரும் சேர்க்க வேண்டாம். அவள் கைவிடப்பட்டவளல்ல. மரணச் சான்றிதழ் எடு என்று அவளை நெருக்காதீர்கள். 2016 ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் காணாமற் போனமைக்கான சான்றிதழுக்கு இடம் தந்திருக்கிறது. எடுப்பதும் விடுவதும் அவள் முடிவு.

ஆண்மக்களே, உங்களோடும் பேச வேண்டும். வாழ முடியவில்லை என்றால் நேர்வழியில் பிரியுங்கள். பெற்ற பிள்ளையிடமிருந்து பிரியாதீர்கள். பராமரிப்புக் கட்டளை வந்தபின் கட்டாத ஒவ்வொரு மாதத்துக்கும் சிறை காத்திருக்கிறது. அந்தப் பயத்தில் அல்ல, பிள்ளையின் முகத்தில் விழிக்க வேண்டுமே என்ற பயத்தில் கட்டுங்கள்.

பெரியவர்களே, அடுத்த முறை பேனையைக் கேட்டால் கொடுக்காதீர்கள். அவளோடு கூடப் போங்கள். பிரதேச செயலகத்தில் திருமணப் பதிவின் பிரதியும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழும் எடுங்கள். அங்கேயே பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரையும் காணுங்கள். சட்டத்தரணிக்குக் காசில்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. அவன் எங்கே வேலை, என்ன சம்பளம் என்று தெரிந்ததை எழுதி நீதவான் நீதிமன்றத்தில் கொடுங்கள்.

கடைசியாக, அவனைப் பெற்ற தாயே, உங்களிடம்தான். அழைப்பாணை வரும்போது "மகன் எங்கே என்று தெரியாது" என்று திருப்பி அனுப்புகிறீர்கள். அழைப்பாணை திரும்பத் திரும்ப வழக்கு தள்ளிப்போகிறது. தவணைக்குத் தவணை அவள் பிள்ளையையும் இழுத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து போகிறாள். அந்தப் பிள்ளை உங்கள் பேரப்பிள்ளை. மகனின் விலாசம் உங்களுக்குத் தெரியும். சொல்லிவிடுங்கள், அம்மா.