மகுடி யாருக்கு?

பாம்புக்குக் காது கிடையாது என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். அது முழுக்கச் சரியில்லை. வெளியே மடல் இல்லையே தவிர, உள்ளே காது இருக்கிறது. தரையின் அதிர்வைத் தாடை எலும்பு வழியாக வாங்கிக்கொள்ளும். காற்றில் வருகிற சத்தமும் அதற்கு எட்டத்தான் செய்கிறது என்று 2023-ல் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சொன்னார்கள். பாம்புகளை ஓர் அறையில் விட்டு, சத்தத்தைப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். மயங்கி ஆடியதா? அதுதான் இல்லை. பெரும்பாலான பாம்புகள் சத்தத்தை விட்டு நழுவத்தான் பார்த்தன. பாம்பாட்டியின் கூடையில் படமெடுத்து ஆடுகிறதே என்பீர்கள். அது மகுடியின் அசைவைப் பார்த்து உஷாராகி நிற்கிற நிலை. சங்கீத ரசனை இல்லை.

ஆனாலும் விளக்கு வைத்த பிறகு புன்னாகவராளி பாடாதே, பாம்பு வரும் என்று சொல்லும் பாட்டிகள் நம்மிடம் இருந்தார்கள். 1954-ல் வந்த 'நாகின்' இந்திப் படத்தின் மகுடி ஓசை, இந்தியா முழுக்கப் பாம்பின் தேசிய கீதம்போல ஆகிவிட்டது. ஹேமந்த் குமாரின் இசை. சுவாரஸ்யம் என்னவென்றால், அதில் ஒலித்தது மகுடியே அல்ல. கிளேவியோலின் என்கிற மின்சாரக் கருவியும் ஹார்மோனியமும். கிளேவியோலினை வாசித்தவர் பிற்பாடு பெரிய இசையமைப்பாளரான கல்யாண்ஜி.

ஆக, அங்கே மகுடியும் இல்லை, மயங்குகிற பாம்பும் இல்லை. பிறகு ஆடியது யார்? தியேட்டரில் சீட்டின் நுனிக்கு வந்தவர்கள்தான். அந்தச் சத்தம் பாம்புக்காக வாசிக்கப்பட்டதில்லை, நமக்காக வாசிக்கப்பட்டது. அறுபது வருஷம் கழித்து, 2017-ல் சன் டிவியில் 'நந்தினி' என்று ஒரு பாம்பு சீரியல் வந்தபோதும் விஷயம் மாறவில்லை. கிராஃபிக்ஸ் பாம்பைப் பார்த்துச் சிரித்தவர்களை எனக்குத் தெரியும். சத்தத்தைக் கேட்டுச் சிரித்த ஒருவரையும் தெரியாது. கண் நம்பாததைக் காது நம்பிவிடுகிறது. கண்ணுக்கு இமை இருக்கிறது, மூடிக்கொள்ளலாம். காதுக்கு அந்த வசதியைக் கடவுள் கொடுக்கவில்லை.

மாய மந்திரத் தொடர்களைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் மூடநம்பிக்கையைப் பற்றியே பேசுகிறோம். பாம்பு பழிவாங்குமா, ஆவி பேசுமா என்று. எனக்கு அது பெரிய கவலையாகப் படவில்லை. பாம்பு பழிவாங்கும் என்று நம்புகிறவர் நாளைக்குக் காலையில் ஷிப்டுக்குப் போய்த்தான் ஆக வேண்டும். என் கவலை வேறு. அதைச் சொல்லப் பெருமாநல்லூருக்குப் போக வேண்டும்.

திருப்பூர் - கோபி சாலை, சேலம் - கோவை நெடுஞ்சாலையை வெட்டுகிற இடத்தில் இருக்கிற ஊர். சுற்றிலும் பனியன் கம்பெனிகள், அவற்றுக்கு வேலை செய்து கொடுக்கிற சின்னச் சின்ன யூனிட்டுகள். அப்படி ஒரு யூனிட்டில், மாலை நேரத்தில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் தரையில் உட்கார்ந்து பிசிறு வெட்டிக்கொண்டிருந்தார்கள். தைத்த டி-ஷர்ட்டில் தொங்குகிற நூலை வெட்டி எடுக்கிற வேலை. பீஸுக்கு இவ்வளவு என்று கூலி. சுவரில் உயரத்தில் ஒரு டிவி. யாருமே அதைப் பார்க்கவில்லை. பார்த்தால் துணியில் ஓட்டை விழும். ஓட்டை விழுந்தால் டேமேஜ், கூலியில் பிடிப்பு.

"பார்க்காமலே கதை புரியுமாங்க?" என்று கேட்டேன்.

"பாக்கறதுக்கு அதுல என்னங் தம்பி இருக்குது?" என்றார் ஐம்பதைத் தாண்டிய ஓர் அம்மா, தலை நிமிராமல். "இப்ப உருமி மாதிரி ஒண்ணு உறுமுச்சா? நாத்தனாக்காரி உள்ள வாறா. வீணை வந்தா மருமக. மணிச் சத்தம் வந்தா சாமி ஏதோ சொல்லப் போகுதுன்னு அர்த்தம்."

ஒரு தலைமுறைக்கு முன்னால் இதே மாதிரிதான் ரேடியோவில் ஒலிச்சித்திரம் கேட்டோம். ஒரு வித்தியாசம். ரேடியோவில் கதவு திறக்கிற சத்தம் கேட்டால் கதவு திறக்கிறது என்றுதான் பொருள். இப்போதைய சத்தம் தகவல் சொல்வதில்லை, தீர்ப்புச் சொல்கிறது.

அந்த அம்மாவுக்குப் பழைய 'மர்மதேசம்' நன்றாக நினைவிருந்தது. 90-களின் பிற்பகுதியில் கே.பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரிப்பில், இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி, நாகா இயக்கிய தொடர். அதில் 'விடாது கருப்பு' வந்த காலத்தில் தெருவில் குதிரை வண்டி போனால் வயிற்றைப் பிசைந்த பிள்ளைகள் இன்று நாற்பதைத் தாண்டியிருப்பார்கள். எங்கோ ஒரு குளம்பொலி. பனங்காட்டுக் காற்று. அப்புறம் ஒன்றுமே இல்லாத நிசப்தம். அந்த நிசப்தத்தில்தான் பயமே. வாரத்துக்கு ஒரு நாள் தொடர் என்பதால் அடுத்த வாரம் வரை அந்தக் குதிரை நம் மண்டைக்குள்ளேயே ஓடிக்கொண்டிருக்கும். கருப்பு வந்தாரா, இல்லை மனுஷ வேலையா? தொடர் இரண்டுக்கும் இடம் வைத்திருந்தது. சத்தமும் முந்திக்கொண்டு எந்த முடிவும் சொல்லவில்லை. குளம்பொலி கேட்டது, அவ்வளவுதான். யார் வந்தார் என்பதை நம்மிடம் விட்டுவிட்டது. இந்திரா சௌந்தர்ராஜன் 2024-ல் காலமானபோது என் வயதுக்காரர்கள் பலர் முதலில் நினைவுகூர்ந்தது அந்தக் குளம்படியைத்தான்.

சத்தத்தால் மனிதரைப் பிடித்து ஆட்டுவது டிவி கண்டுபிடித்த வித்தை அல்ல. தொல்காப்பியம் ஐந்து நிலத்துக்கும் தெய்வம், உணவு, மரம், பறவை என்று கணக்குச் சொல்லும்போது பறையையும் சேர்த்துச் சொல்கிறது. குறிஞ்சிக்குத் தொண்டகப்பறை, முல்லைக்கு ஏறுகோட்பறை, நெய்தலுக்கு மீன்கோட்பறை என்று பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். கண்ணைக் கட்டிவிட்டாலும் எந்த நிலத்தில் நிற்கிறோம் என்று காது சொல்லிவிடும்.

கொங்கு நாட்டிலோ சொல்லவே வேண்டாம். இங்கே சீரியலுக்கு முன்பே ஒரு சீரியல் இருந்தது. அண்ணன்மார் கதை. பொன்னர் - சங்கர் பிறப்பதும், கொம்பன் என்கிற பன்றியைச் சங்கர் கொல்வதும், தங்கை அருக்காணி அழுவதும் ஒரே ராத்திரியில் முடிகிற சமாச்சாரம் இல்லை. உடுக்கையடித்துப் பல இரவுகள் பாடுவார்கள். 1965-ல் காங்கேயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் பிரெண்டா பெக் என்கிற மானிடவியலாளர் அதை முழுசாக ஒலிப்பதிவு செய்தார். அண்ணன்மார் சாகிற இடம் படுகளம். உடுக்கை வேகமெடுக்க, அருள் வந்து ஆட்கள் பொத்துப் பொத்தென்று விழுவார்கள். உடம்பில் அசைவு இருக்காது. பார்க்கிற டாக்டர் யாரும் பதறிப் போவார். அப்புறம் பாட்டு தொடரும். தங்கை அழுது எழுப்புவாள். விழுந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்துகொள்வார்கள்.

இங்கே கவனிக்க வேண்டியது விழுவதை இல்லை, எழுவதை. உடுக்கைக்காரருக்குத் தள்ளிவிடவும் தெரியும், எழுப்பிவிடவும் தெரியும். எழுப்பாமல் அவர் வீட்டுக்குப் போக முடியாது. போனால் ஊர் விடாது. விழுகிறவரும் சும்மா வந்து விழவில்லை. விரதமிருந்து, இன்ன இரவில் இன்ன இடத்தில் என்று ஒப்புக்கொண்டு வருகிறார். பெருமாநல்லூர் கொண்டத்துக் காளியம்மன் கோயிலில் பங்குனியில் குண்டம் இறங்குகிறார்களே, 60 அடிக்கு நெருப்பு, அங்கேயும் இதே நியாயம்தான். மேளம் அத்தனை பேரையும் உலுக்கும். ஆனால் காப்புக் கட்டியவர்தான் இறங்குவார். வேடிக்கை பார்க்க வந்த என்னை அந்த மேளம் உள்ளே தள்ளாது. அதற்கு ஓர் எல்லை இருக்கிறது, முறை இருக்கிறது, முடிவு இருக்கிறது.

சீரியலின் சத்தத்துக்கு இந்த மூன்றும் இல்லை. உச்சத்துக்குக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, 'தொடரும்' போட்டுவிட்டு, சோப்பு விளம்பரத்துக்குப் போய்விடும். எழுப்பிவிடுகிற தங்கச்சி அங்கே கிடையாது.

அதைக்கூட மன்னித்துவிடலாம். ரிமோட் நம் கையில்தானே இருக்கிறது என்று ஒருவர் கேட்டால், என்னிடம் பதில் இல்லை. என்னால் மன்னிக்க முடியாதது வேறொன்று. பேய்க்கென்று, அரக்கிக்கென்று, பழிவாங்கும் நாகத்துக்கென்று உண்டாக்கிய சத்தத்தை மெள்ள மெள்ள மனுஷிகளுக்கு வைத்துவிட்டார்கள். மூன்று முறை இடி. அதே உருமி. கோரஸில் அதே மந்திர முனகல். யாருக்கு? சொத்தில் பங்கு கேட்கிற நாத்தனாருக்கு. இரண்டாவது சம்சாரத்துக்கு. புருஷனைப் பிரிந்து வந்து, பதிலுக்குப் பதில் பேசுகிற ஒருத்திக்கு. மாய உலகத்தின் சத்தம் குடும்ப சீரியலின் ஹாலுக்குள் நுழைந்து சோபாவில் உட்கார்ந்துவிட்டது. தினமும் ஓடுகிற தொடருக்கு ஒவ்வொரு காட்சிக்கும் புதிதாக இசை போட நேரம் இருக்காது என்பது புரிகிறது. கையிருப்பில் உள்ளதை எடுத்து ஒட்டுகிறார்கள். ஆனால் ஒட்டுகிற இடம் ஒரு மனுஷியின் முகம்.

நான் பி.காம். படித்தவன். எனக்குத் தெரிந்த பாஷையில் சொன்னால், இது வவுச்சர் இல்லாத என்ட்ரி. அவள் இன்னும் எதுவும் செய்யவில்லை. வாசல்படியில் நிற்கிறாள். அதற்குள் அவள் கணக்கில் பற்று எழுதியாகிவிட்டது. பிறகு அவள் காபி கொடுத்தாலும் அதில் விஷமோ என்றுதான் நினைப்போம்.

அந்த யூனிட்டுக்குத் திரும்பி வருகிறேன். செக்கிங் பார்க்கிற ஒரு பெண் அங்கே உண்டு. வெட்டிய பீஸ்களைப் பார்த்து, பிசிறு விட்டிருந்தால் திருப்பித் தருவது அவர் வேலை. திருப்பித் தந்தால் பத்து நிமிஷம் போச்சு, காசு போச்சு. அவரை யாருக்குப் பிடிக்கும்? கணவர் கூட இல்லை என்பதும் எல்லோருக்கும் தெரியும். அவர் உள்ளே வந்ததும் மூலையில் இருந்த ஒரு சின்னப் பெண், சீரியல் வில்லிக்கு வருகிற அந்த உறுமலை வாய்க்குள்ளேயே முனகினாள். நாலு பேர் குனிந்துகொண்டு சிரித்தார்கள். வந்தவர் காதில் விழாத மாதிரி பீஸை எண்ண ஆரம்பித்தார். விழாமல் இருக்குமா? காதுக்குத்தான் இமை இல்லையே.

இதை விளையாட்டு என்று விடலாம். கிராமங்களில் பட்டப்பெயர் வைப்பது புதுசா என்று கேட்கலாம். பட்டப்பெயருக்காவது ஒரு காரணம் இருக்கும். நெட்டையாக இருந்தால் பனைமரம், வேகமாகப் பேசினால் பட்டாசு. இந்த முனகலுக்கு அவர் வேலையை ஒழுங்காகச் செய்கிறார் என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதுதான் ஆபத்தானது. கெட்டவர் வந்தால் சத்தம் வரும் என்று பழகிய காதுக்கு, சத்தம் வராவிட்டால் நல்லவர் என்றாகிவிடுகிறது. இந்தத் திருப்பூர் வட்டாரம் அதற்குக் கொடுத்த விலை கொஞ்சமல்ல. 2009-ல் பாசி ஃபாரெக்ஸ் நிறுவனம் மூழ்கியபோது போன பணம் 900 கோடி ரூபாய்க்கு மேல். 2022-ல்தான் தீர்ப்பு வந்தது. நடத்தியவர்களுக்கு 27 வருஷம் சிறை. 2012-ல் பக்கத்துப் பெருந்துறையில் ஈமு கோழி. பண்ணை வைத்தவர்கள் நிலத்தை, நகையை வைத்துப் பணம் போட்டவர்கள். ஈமுவுக்கு டிவியில் வந்த விளம்பரங்களை யோசித்துப் பாருங்கள். இடி முழங்கியதா? உருமி உறுமியதா? கல்யாண வீடுபோல அல்லவா இருந்தது! வட்டி விகிதத்தைக் காகிதத்தில் போட்டுப் பார்த்தால் பத்தாம் வகுப்புப் பையனுக்கே இது நடக்காது என்று தெரிந்திருக்கும். காகிதத்தைப் பார்க்கவில்லை, காதால் கேட்டோம்.

உறுமல் வைத்தது யாருக்கு, வீணை வைத்தது யாருக்கு என்று பாருங்கள். பீஸைத் திருப்பித் தருகிறவருக்கு உறுமல். பணத்தைத் திருப்பித் தராதவருக்கு வீணை.

கிளம்பும்போது அந்தச் சின்னப் பெண்ணிடம் கேட்டேன், "ஏம்மா அப்படி முனகறே?"

"சும்மா ஜாலிக்குத்தானுங் சார்."

செக்கிங் அக்கா பீஸை எண்ணியபடியே, "நல்லவங்க வந்தா என்ன முனகுவான்னு கேளுங்க சார்" என்றார். கோபமெல்லாம் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரிதான் இருந்தது.

அந்தப் பெண் கத்திரியை நிறுத்தி யோசித்தாள். உதட்டைக் குவித்தாள். பக்கத்திலிருந்தவளைப் பார்த்தாள். அவளும் யோசித்தாள். "வீணைதான் வருமுங்... எப்பிடி வரும்னு..." ஏதோ இரண்டு ஸ்வரம் முயற்சி செய்து, அதுவும் எங்கேயோ இழுத்துக்கொண்டு போய், "ஞாவகத்துக்கே வரமாட்டீங்குதுங் சார்" என்றாள்.

"சரி விடு, இந்த மூணுல கழுத்துக்கிட்ட பிசிறு நிக்குது, வெட்டிக் குடு" என்று அவர் மூன்று பீஸை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார்.