வழித்துணை

மாரண்டஹள்ளியிலிருந்து பழனிக்கு நடந்தே வருவதாக வேண்டிக்கொண்டவன் நான். என்னைவிட மூத்தவரான என் நண்பருக்கு வேண்டுதல் எதுவும் கிடையாது. "துணைக்கு ஒருவன் வேண்டாமா?" என்று கிளம்பியவர். தைப்பூசத்துக்குப் போகும் கூட்டத்தோடு விடியுமுன் புறப்பட்டோம். பாலக்கோடு வருவதற்குள் அவருடைய குதிகாலில் கொப்புளம் உடைந்துவிட்டது. புளியமரத்தடியில் உட்கார்ந்தவர், "நீ போப்பா, நான் பஸ் ஏறி ஊருக்குத் திரும்பிவிடுகிறேன்" என்றார். கூட்டம் நகர்ந்தது. நானும் நகர்ந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை, பார்த்தால் கால் நின்றுவிடும் என்ற பயம்.

தருமபுரியை நெருங்கும்போது இருட்டிவிட்டது. மனம் குடைந்தது. கதை எழுதுகிறவனுக்குச் சாட்சி தேடுவதா சிரமம்? தருமபுத்திரனை அழைத்தேன். கடைசிப் பயணத்தில் பாஞ்சாலியும் தம்பியரும் ஒருவர்பின் ஒருவராக விழுந்தபோது, அவனும் நிற்காமல்தானே நடந்தான்? ஆனால், கூடவே வந்த நாயை விட்டுவிடச் சொன்னபோது அதே தருமன் சுவர்க்கமே வேண்டாம் என்றான். விழுந்தவர்கள் இறந்தவர்கள், அவர்களுக்கு அவனால் ஆகக்கூடியது ஒன்றுமில்லை. நாய் உயிரோடு இருந்தது. அவனை நம்பி வந்தது. என் சாட்சி எனக்கு எதிராகத் திரும்பிவிட்டது.

வேண்டுதல் தெய்வத்துக்குப் பட்ட கடன் என்கிறோம். சரி. அந்தக் கடனை அடைக்க நண்பனிடம் புதுக் கடன் பட்டால், கடன் தீர்ந்ததாகுமா? பழனிக்குப் போய்ச் சேர்ந்தேன், மலையும் ஏறினேன். பாலக்கோட்டுப் புளியமரம் மட்டும் இன்னும் என் கணக்கில் பற்றாகவே நிற்கிறது.